பயந்த கைக்கு எது பொருந்தும்? வீட்டுக் காவலுக்கான முதல் துப்பாக்கி

துப்பாக்கி சுடும் களத்தில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வீட்டுப் பாதுகாப்புக்காக முதல் துப்பாக்கி வாங்க நினைத்து வருகிறவர்களில் பெரும்பாலோர், எதை வாங்குவது என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அண்மையில் வந்த ஒரு தம்பதியும் அப்படித்தான். கணவருக்கு 12 கேஜ் பம்ப் ஷாட்கன் வேண்டும்: ஒரே தோட்டாவில் பல குண்டுகளைச் சுடும், முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கி. தோட்டாவை ஏற்றும் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மனைவிக்குக் கைப்பையில் அடங்கும் ஐந்து தோட்டா ரிவால்வர், அதாவது சுழலும் உருளையில் தோட்டாக்கள் அமரும் கைத்துப்பாக்கி, வேண்டும். சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கி என்பது அவருடைய கணக்கு.

இரண்டையும் இருவரும் சுட்டுப் பார்க்கட்டும் என்றேன். மூன்றாவது தோட்டாவைச் சுட்ட பிறகு கணவர் பம்ப்பை முழுவதும் பின்னுக்கு இழுக்காமல் பாதியிலேயே முன்னே தள்ளிவிட்டார். மறுபடி விசையை அழுத்தியபோது ‘டக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. சுட்டுமுடித்த வெற்றுத் தோட்டாவே மீண்டும் உள்ளே உட்கார்ந்திருந்தது. மனைவி ஏழு மீட்டர் தள்ளி நின்ற ஆளுயர அட்டையை நோக்கி ரிவால்வரால் ஐந்து முறை சுட்டார். அட்டையில் ஒரு துளைதான் விழுந்தது. கடைசித் தோட்டாவின்போது கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். பிறகு அவர்கள் இருவரும் கேட்காத ஒன்றை மேசைமேல் வைத்தேன். முழு அளவுள்ள 9 மி.மீ. பிஸ்டல்: பிடிக்குள் செருகும் மேகசின் என்ற தோட்டாப் பெட்டியிலிருந்து தானாகத் தோட்டா ஏறும் கைத்துப்பாக்கி. அதில் இருவருமே பத்துக்கு எட்டு, ஒன்பது என்று பதித்தார்கள்.

எல்லோருக்கும் பிஸ்டல்தான் என்று இதை வைத்து நான் சொல்லப் போவதில்லை. ஆனால் எந்த அளவுகோலை வைத்து ஒப்பிட வேண்டும் என்பதை அந்த அரைமணி நேரம் தெளிவாகக் காட்டிவிட்டது. கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது நாம் நிதானமாக இருக்கிறோம். அதிகாலை மூன்று மணிக்குக் கூடத்தில் ஏதோ விழும் சத்தம் கேட்டு எழும்போது அப்படி இருக்க மாட்டோம். நெஞ்சு படபடக்கும், விரல்கள் மரத்துப் போகும், பார்வை ஒரு புள்ளியில் குறுகிவிடும், பழகாத எதுவும் நினைவுக்கு வராது. அந்த நேரத்து நடுங்கும் கை எதைப் பிழையில்லாமல் இயக்குமோ, அதுதான் அந்த வீட்டுக்கான துப்பாக்கி. காலிபர் (குழலின் உள்விட்ட அளவு), பெயர், தோற்றம் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

வேண்டுமா என்ற கேள்வி

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி நிற்கிறது. அதைத் தாண்டிக் குதிக்க நான் யாரையும் விடுவதில்லை. கலிபோர்னியாவில் 2.6 கோடிக்கும் அதிகமானவர்களை ஏறத்தாழ 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, 2020 ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட விகிதம், வைத்திராத ஆண்களைக் காட்டிலும் ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களிடம் அது 35 மடங்கு. வெளியாளுக்கு எதிராக வாங்கிய ஆயுதம் வீட்டில் இருப்பவரையே கொண்டுபோகும் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே வீட்டில் மனச்சோர்வோடு போராடும் ஒருவர் இருந்தால், குடித்தால் நிதானம் இழப்பவர் இருந்தால், சண்டை வந்தால் கை ஓங்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால், எந்தத் துப்பாக்கியும் வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பதிலைச் சொல்லிப் பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. எளிதில் உடைக்க முடியாத கதவு, நிலைச்சட்டத்தில் ஆழமாக இறங்கும் நீண்ட திருகாணிகள், அசைவைக் கண்டால் எரியும் வெளிவிளக்கு, குரைக்கும் நாய், படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் குறையாத கைபேசி ஆகியவை எல்லா வீட்டுக்கும் வேண்டியவை. துப்பாக்கி வாங்கப் போகும் வீட்டுக்கும் இவைதான் முதல் அரண். அவை தரும் இரண்டு நிமிட அவகாசம் இல்லாவிட்டால், பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கி வெளியே வரவே நேரம் இருக்காது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சில நாடுகள் தற்காப்பை ஒரு காரணமாகவே ஏற்பதில்லை. சில நாடுகளில் 9 மி.மீ. போன்ற ராணுவக் காலிபர்கள் பொதுமக்களுக்குத் தடை. கைத்துப்பாக்கிக்கு ஒரு விதி, நீளத் துப்பாக்கிக்கு வேறு விதி என்று இருக்கும் இடங்களும் உண்டு. கீழே சொல்லப்போகும் எதையும் உங்கள் ஊர்ச் சட்டத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது என்பதையும் சட்டம் தெரிந்த ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுவரைப் பாருங்கள்

துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும். ஜிப்சம் பலகை அடித்த உட்சுவர்கள் தோட்டாவைத் தடுப்பதில்லை. ஓர் ஆளை நிறுத்தும் அளவுக்கு வலுவுள்ள எந்தத் தோட்டாவும் அப்படிப்பட்ட சுவர்களில் இரண்டு மூன்றைக் கடந்து போகும். பிஸ்டல், ஷாட்கன், ரைஃபிள் என்ற வேற்றுமை இதில் பெரிதாக இல்லை. எனவே ‘சுவரைத் துளைக்காத துப்பாக்கி எது’ என்று தேடுவது வீண். படுக்கையறை வாசலில் நின்று பாருங்கள். கூடத்தை நோக்கிச் சுட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? பிள்ளைகள் தூங்கும் அறையா, பக்கத்து வீட்டுச் சுவரா, செங்கல் சுவரா, அலமாரி நிறையப் புத்தகங்களா? எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் என்ன நேர்ந்தாலும் சுடக்கூடாது என்பதைப் பகலில், அமைதியாக, வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளின் அறை வீட்டின் மறுகோடியில் இருந்தால், நீங்கள் அவர்களிடம் போக வேண்டியிருக்கும். ஒரு கையில் குழந்தையைத் தூக்க வேண்டியும் வரலாம். எல்லோரும் ஒரே அறையில் தூங்கினால், அந்த அறைக் கதவைப் பார்த்தபடி அசையாமல் காத்திருக்கலாம். இந்த ஒரு வேறுபாடுதான் கைத்துப்பாக்கியா நீளத் துப்பாக்கியா என்பதைப் பாதிக்குமேல் தீர்மானித்துவிடுகிறது.

ஷாட்கன்: வலிமை உண்டு, விலையும் உண்டு

கேஜ் என்ற அளவு பழைய காலத்தது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு என்ன விட்டமோ, அதுவே 12 கேஜ் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மி.மீ. இருபது உருண்டைகளாக்கினால் 20 கேஜ், அதாவது 15.6 மி.மீ. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். வீட்டுக் காவலுக்குப் பெயர்போன 00 பக்‌ஷாட் தோட்டா ஒன்றில் 8.4 மி.மீ. விட்டமுள்ள எட்டு அல்லது ஒன்பது ஈயக் குண்டுகள் இருக்கும். ஒரே அழுத்தலில் அத்தனையும் போகின்றன. ஓர் அறையின் தூரத்தில் இதைவிட உறுதியாக ஓர் ஆளை நிறுத்தக்கூடிய துப்பாக்கி சாதாரண மனிதருக்குக் கிடைப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஷாட்கன் பிரியர்கள் சொல்வது முழு உண்மை.

அவர்கள் சொல்லும் மற்றொன்று உண்மையல்ல. ‘குறிபார்க்கவே வேண்டாம், அந்தப் பக்கமாகத் திருப்பிச் சுட்டால் போதும்’ என்கிறார்கள். மூன்று, நான்கு மீட்டர் தூரத்தில் அந்த ஒன்பது குண்டுகளும் ஒரு கைப்பிடி அளவு வட்டத்துக்குள்தான் விழும். குறி தவறினால் ஒன்பதும் தவறும். ஒன்பதும் சுவருக்குப் பின்னால் இருப்பவரை நோக்கிப் போகும். புதியவர்களை அட்டையின் முன் நிறுத்தி இதைக் காட்டும்போது ஒவ்வொரு முறையும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன்.

அடுத்தது உதை. முழு வேகமுள்ள 12 கேஜ் பக்‌ஷாட் தோளில் கொடுக்கும் உதையின் ஆற்றல், 5.56 மி.மீ. ரைஃபிள் கொடுப்பதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். ஒருநாள் பத்துத் தோட்டா சுட்டவர் மறுநாள் தோளைத் தடவிக்கொண்டு வருவார். மூன்றாம் நாள் வரவே மாட்டார். நான் ஷாட்கனைத் தயக்கத்தோடு பரிந்துரைக்க இதுவே பெரிய காரணம். வலிக்கும் துப்பாக்கியை யாரும் பழகுவதில்லை. உதை குறைத்த தோட்டாக்கள் இருக்கின்றன. 20 கேஜ் இருக்கிறது. சுட்ட வேகத்திலேயே தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைகள் பம்ப்பைவிட மென்மையாக உதைக்கும். பம்ப் வகையின் அடிப்படைக் குறை, அன்று அந்தக் கணவர் செய்த அதே பிழைதான். பதற்றத்தில் கை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

நீளமும் கணக்கில் வரும். குட்டையான குழல் உள்ளதுகூட ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், மூன்று கிலோவுக்கு மேல் எடை. கதவு வழியாக நுழையும்போது குழல் உங்களுக்கு முன்னால் போகும். மறைவில் நிற்பவன் அதைப் பிடித்துவிடலாம். கைபேசியில் பேசவும் விளக்கைப் போடவும் ஒரு கை வேண்டும். ஷாட்கன் இரண்டு கைகளையும் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான மாடல்கள் கீழே விழுந்தால் வெடிக்காது என்ற உறுதி இல்லாதவை. அதனால் தோட்டா அறையை, அதாவது சுடும்முன் தோட்டா உட்காரும் இடத்தை, வெறுமையாக வைத்து, குழலுக்குக் கீழுள்ள தோட்டாக் குழாயில் மட்டும் தோட்டாக்களை நிரப்பி வைப்பதுதான் வழக்கம். அப்படியானால் எழுந்தவுடன் செய்ய வேண்டிய வேலையில் ஒன்று கூடுகிறது.

அந்த ‘ஏற்றும் சத்தம்’ பற்றியும் சொல்ல வேண்டும். அது சிலரை ஓடச் செய்யலாம். ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் அது சொல்லிவிடும். எச்சரிக்க வேண்டுமானால் வாய் இருக்கிறது. ‘போலீசுக்குச் சொல்லிவிட்டேன், வெளியே போ’ என்று பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கமிருந்து உரக்கக் கத்துங்கள். ஒரே அறையில் அசையாமல் காத்திருக்க முடிகிற வீட்டுக்கு, மாதம் ஒருமுறை களத்துக்கு வந்து தோள் கொடுத்துப் பழகத் தயாராக இருப்பவருக்கு, தானாக ஏற்றும் 20 கேஜ் ஷாட்கன் மிக நல்ல தேர்வு. மற்றவர்களுக்கு அல்ல.

பிஸ்டல்: எளிதில் கற்கலாம், எளிதில் தவறலாம்

9 மி.மீ. தோட்டா 1902 ஆம் ஆண்டு பிறந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கு மாற்று நிலைக்கவில்லை. 1986 இல் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளை இழந்த பிறகு, அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பெரிய காலிபர்களைத் தேடிப் போனது. தோட்டா நுட்பம் மேம்பட்ட பிறகு 2010களின் நடுவில் 9 மி.மீ.க்கே திரும்பி வந்தது. உதை குறைவு, அதனால் அடுத்தடுத்த தோட்டாக்கள் குறியில் விழுகின்றன என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தேர்ந்த அதிகாரிகளுக்கே அது பொருந்தும் என்றால், புதியவருக்கு இன்னும் பொருந்தும்.

இங்கே நான் ‘முழு அளவு’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போவதற்காகச் செய்த குட்டிப் பிஸ்டல்கள் வீட்டுக்கு வேண்டியதில்லை. எடை குறைந்தால் உதை கூடும். பிடி குட்டையானால் சுண்டுவிரல் தொங்கும். குழல் குட்டையானால் முன், பின் குறிகாட்டிகளுக்கு இடையிலான தூரமும் குறையும். குழல் பத்து, பதினொரு சென்டிமீட்டர் உள்ள பிஸ்டல் உள்ளங்கை முழுவதையும் நிரப்பும். மேகசினில் பதினைந்து, பதினேழு தோட்டா பிடிக்கும். பூட்டும் பெட்டகத்தில் அடங்கும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கதவைத் திறக்கலாம், கைபேசியை எடுக்கலாம், குழந்தையைத் தூக்கலாம். இந்தக் கடைசிப் பயன் ஒன்றுக்காகவே பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் பிஸ்டலை முதலில் வைக்கிறேன்.

இப்போது அதன் கெடுதல்களைச் சொல்கிறேன். எல்லாத் துப்பாக்கிகளிலும் குறி வைப்பதற்குக் கடினமானது கைத்துப்பாக்கிதான். தோளில் ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. மணிக்கட்டு அரை அங்குலம் அசைந்தால் தோட்டா ஆளையே தாண்டிப் போகும். அதே காரணத்தால், கவனம் சிதறினால் குழல் சுற்றியிருப்பவர் எவரை நோக்கியும் திரும்பிவிடும். பிடி தளர்ந்தால், குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு முழுமையாகப் பின்னே போகாமல் தோட்டா சிக்கிக்கொள்ளும். பலரைப் பலிகொண்ட ஒரு பிழை இன்னும் இருக்கிறது. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பது. காலியாகவில்லை. தோட்டா அறையில் ஒன்று மிச்சம் இருக்கும். சில மாடல்களைத் துடைப்பதற்காகப் பிரிக்கும்போது விசையை அழுத்தியாக வேண்டும். அந்த ஒரு தோட்டா அப்போதுதான் வெடிக்கிறது. மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழுத்து நிறுத்து, அறைக்குள் கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார். என் மாணவர்கள் முதல் வாரம் முழுவதும் வேறெதுவும் செய்வதில்லை.

‘ஸ்லைடை இழுக்க என் கையில் பலம் இல்லை’ என்று பெண்களும் முதியவர்களும் சொல்வதைக் கேட்கிறேன். பெரும்பாலும் பலம் காரணமில்லை. அவர்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு கிள்ளி இழுக்கிறார்கள். துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ஸ்லைடை உள்ளங்கை முழுவதாலும் பற்றி, மறுகையால் பிடியை முன்னே தள்ளினால் வந்துவிடும். அப்படியும் முடியாதவர்களுக்காகச் சுருள்வில்லை மென்மையாக்கிய 9 மி.மீ., .380 பிஸ்டல்கள் வந்திருக்கின்றன. மூட்டுவலி உள்ளவர்கள் கடையில் முதலில் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

ரிவால்வர்

ரிவால்வரின் அழகு அதன் எளிமை. உருளையைத் திறந்தால் எத்தனை தோட்டா இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்தினால் அடுத்தது வரும். ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தாலும் மேகசினில் இருப்பதுபோல் தோட்டாக்களைத் தள்ளும் வில் எதுவும் அழுத்தத்தில் இருப்பதில்லை. ஆனால் அந்த எளிமைக்கு விரல் விலை கொடுக்கிறது. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலைக் கையால் பின்னுக்கு வைக்காமல் நேரடியாகச் சுட, விசையில் நான்கரை முதல் ஐந்தரை கிலோ வரை அழுத்தம் வேண்டும். இன்றைய பிஸ்டல் விசைகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அழுத்தி முடிப்பதற்குள் குழல் ஆடிவிடுகிறது. அந்த மனைவி தவறவிட்ட நான்கு தோட்டாக்களும் அப்படித்தான் போயின. அரை கிலோகூட எடையில்லாத குட்டி ரிவால்வர் உதைக்கும்போது உள்ளங்கை எரியும். அதை நன்றாகச் சுடுகிறவர்கள் பல ஆண்டு பழகியவர்கள். புதியவருக்கு அதை யாராவது பரிசாகக் கொடுத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ரிவால்வர்தான் வேண்டும் என்றால், பத்து சென்டிமீட்டர் குழலும் ஒரு கிலோ எடையும் உள்ள நடுத்தர அளவை எடுங்கள். .357 என்று பொறித்த ரிவால்வரில் மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். 1898 இல் வந்த அந்தத் தோட்டா இன்றும் வீட்டு வேலைக்குப் போதும். எந்திரங்களோடு உறவாடவே பிடிக்காதவருக்கும், மாதக்கணக்கில் தொட மாட்டேன் என்று உண்மையை ஒப்புக்கொள்பவருக்கும் இது பொருந்தும். ஸ்லைடு இழுக்க முடியாதவருக்கு ரிவால்வர் என்பது பழைய வாக்கு. அந்தக் கையால் ஐந்து கிலோ விசையை ஆறு முறை அழுத்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ரைஃபிள்

தோளில் ஊன்றிச் சுடும் 5.56 மி.மீ. தானாக ஏற்றும் ரைஃபிளைப் புதியவர் கையில் கொடுத்தால் முதல் நாளே குறி தப்பாமல் சுடுவார். உதை மிகக் குறைவு. நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகும் அதன் லேசான குண்டு, ஜிப்சம் பலகையில் பட்டதும் நிலைகுலைந்து உருளவோ உடையவோ செய்யும்; அதனால் சில பக்‌ஷாட் குண்டுகளையும் பிஸ்டல் குண்டுகளையும் விடச் சுவருக்குப் பின்னால் குறைவாகவே போவதும் உண்டு. ஆனால் போகவே போகாது என்று நம்பி யாரும் சுடக்கூடாது. மூடிய அறைக்குள் அதன் ஓசையும் தீப்பிழம்பும் தாங்க முடியாதவை. 140 டெசிபெலைத் தாண்டும் ஒரே ஓசை காதை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். ஏறத்தாழ எல்லாத் துப்பாக்கிகளும் அதைத் தாண்டுகின்றன. குட்டைக் குழல் ரைஃபிள் வெகுவாகத் தாண்டுகிறது. நீளத்தின் குறைகளும், இரண்டு கைகளும் மாட்டிக்கொள்ளும் குறையும் ஷாட்கனைப் போலவே இதற்கும் உண்டு. 9 மி.மீ. தோட்டாவையே சுடும் தோள் கார்பைன் (குட்டையான ரைஃபிள்) பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் நடுவில் நிற்கிறது. உதை குறைவு, ஓசையும் சற்றுக் குறைவு, குறி எளிது. கைகள் நடுங்கும் முதியவர் ஒரே அறையில் காத்திருப்பவராக இருந்தால், ஷாட்கனைவிட இதைத்தான் நான் கையில் கொடுப்பேன்.

.22 என்ற சின்னஞ்சிறு தோட்டா பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழகுவதற்கு அதைப்போல் ஆசான் இல்லை. காவலுக்கு வேண்டாம். விளிம்பில் அடித்து வெடிக்கும் அந்தத் தோட்டாக்கள் வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம்.

தோட்டா

பிஸ்டலுக்கு, உடலில் பட்டதும் விரியும் குழிமுனைத் தோட்டா. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் அதுதான். எஃப்பிஐயின் சோதனையில் தோட்டா, உடல் தசையைப் போன்ற ஜெலட்டின் கட்டிக்குள் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை போய் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பயனில்லை, மிஞ்சினால் பின்னால் இருப்பவருக்கு ஆபத்து. ஷாட்கனுக்குப் பக்‌ஷாட். பறவை வேட்டைக்கான சின்ன ரவைகள் சுவரைத் துளைக்காது என்று விற்கிறார்கள். அவை ஆளையும் போதிய ஆழம் துளைப்பதில்லை. வாங்கியதில் குறைந்தது ஐம்பது தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டகமும் டார்ச்சும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இரவில் அரண்டு எழுந்தவருக்கு, தண்ணீர் குடிக்க எழுந்த மகனும், முன்கூட்டிச் சொல்லாமல் ஊரிலிருந்து திரும்பிய தம்பியும் திருடன்தான். ஆகவே துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு ஒரு நல்ல டார்ச்சுக்கு. அது கையில் தனியாக இருக்கட்டும். துப்பாக்கியிலேயே மாட்டிய விளக்கு மட்டும் இருந்தால், யார் என்று பார்ப்பதற்காகவே பெற்ற பிள்ளையின் மார்பை நோக்கித் துப்பாக்கியை நீட்ட வேண்டிவரும். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளில் கடைசியை நான் இங்கேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன என்று உறுதியாகத் தெரியாமல் சுடாதே. மற்ற மூன்றும் இவை: எந்தத் துப்பாக்கியும் தோட்டா உள்ளதாகவே கருது, அழிக்க விரும்பாத எதையும் குழலால் தொடாதே, குறி முடிவாகும்வரை விரலை விசைமேல் வைக்காதே.

அடுத்த பங்கு பெட்டகத்துக்கு. தலையணைக்கடியில், மேல் தட்டில், துணிகளுக்கு நடுவில் என்பதெல்லாம் ஒளித்து வைப்பது. பூட்டி வைப்பது ஆகாது. பிள்ளைகளுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர்களுக்குத் தெரியாது என்று பெற்றோர் நினைப்பது மட்டுமே மிச்சம். கட்டிலுக்கோ சுவருக்கோ போல்ட் போட்டு இறுக்கிய சிறிய பெட்டகம், நான்கைந்து பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் திறப்பது, இருட்டில் விரலால் தடவியே இயக்கக்கூடியது போதும். கைரேகை வகைகள் வியர்த்த விரலையும் ஈர விரலையும் அடிக்கடி மறுத்துவிடுகின்றன. அதனால் பொத்தான் வகையையே நான் விரும்புகிறேன். ஷாட்கனுக்கும் ரைஃபிளுக்கும் இதே வேகத்தில் திறக்கும் பெட்டி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பெரிது. ஒப்பீட்டில் பலர் விட்டுவிடும் இந்த ஒன்றுதான் என் தராசைப் பிஸ்டல் பக்கம் சாய்க்கிறது.

மீதிப் பணம் பயிற்சிக்கு. விலை உயர்ந்த துப்பாக்கியும் ஒரு பெட்டித் தோட்டாவும் வாங்குவதைக் காட்டிலும், நடுத்தர விலையில் ஒன்றும் ஆயிரம் தோட்டாவும் ஆறு வகுப்பும் மேல். களத்துக்குப் போகாத நாட்களில் வீட்டில் வெற்றுப் பயிற்சி செய்யலாம். உண்மைத் தோட்டா ஒன்றுகூட அந்த அறையில் இருக்கக்கூடாது. போலித் தோட்டாவைப் போட்டுக்கொண்டு, செங்கல் சுவரை நோக்கி, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் விசையை மெல்ல அழுத்திப் பழகினால் மூன்று வாரத்தில் கை மாறிவிடும்.

அந்தத் தம்பதி முழு அளவு 9 மி.மீ. பிஸ்டலையே வாங்கினார்கள். ஆனால் முதலில் கதவை மாற்றினார்கள்; பிறகு பெட்டகத்தைக் கட்டில் காலோடு இறுக்கினார்கள்; அதன் பிறகுதான் துப்பாக்கி வீட்டுக்குள் வந்தது. வெறும் பெட்டகத்தோடு அந்த அம்மா இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பழகினார். பிள்ளைகளின் அறைக் கதவைத் தாழிடுவது, கைபேசியை எடுப்பது, பெட்டகத்தைத் திறப்பது, இந்த வரிசையில். முதல் முறை பெட்டகத்துக்கு மட்டும் பதினெட்டு விநாடி ஆனதாகச் சொன்னார். நான்காம் வகுப்புக்கு வந்தபோது அது ஐந்தாகக் குறைந்திருந்தது. அன்றைக்குத்தான் அவர் கண்ணை மூடாமல் பத்துத் தோட்டாவையும் சுட்டார்.